பதினாறு தூண்களும் ஒரே நம்பரும்

முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன் என்று நான் சொன்னதும் வீட்டுக்கார அம்மாவின் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. மத்திகிரியில் அவர் வீட்டின் பின்பக்கத்து அறையில் நான் குடியிருந்தேன். டிப்ளமோ படித்த பெண், ஓசூரில் கியர் செய்கிற கம்பெனியில் டிராயிங் ஆபீஸ் வேலை என்று நம்பித்தான் எனக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அந்தக் காலத்தில் முதியோர் கல்வி என்றால் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு அ, ஆ எழுதுவது. "அப்போ உனக்கு எழுதப் படிக்கத் தெரியாதாம்மா?" என்று கேட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் கையெழுத்தைப் பார்த்தவர்கள் அச்சடித்த மாதிரி இருக்கிறது என்பார்கள். என்னைப் போய் இப்படிக் கேட்டால்?

நான் சேர்ந்தது வேறு வகுப்பு. எண்பதுகளின் நடுவில், மாதா கோயிலை ஒட்டியிருந்த ஹாலில், ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நடந்தது. சித்திரம், சரித்திரம், கட்டடக்கலை என்று மூன்றையும் வேலைக்குப் போகிற பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சை கிடையாது, சர்டிபிகேட் கிடையாது. நடத்தியவர் கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் சரித்திரம் எடுத்த மேடம். அவருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. எங்களில் பாதிப் பேருக்கு அவர் தங்கை வயது. மதுரைப் பக்கத்துப் பேச்சு; கோபம் வந்தாலும் இழுத்து இழுத்துத்தான் பேசுவார்.

பத்தொன்பது பேர் சேர்ந்திருந்தோம். எல்லோரும் கம்பெனி ஆட்கள்தான். லேத் ஓட்டுகிறவர்கள், ஃபிட்டர்கள், இன்ஸ்பெக்ஷன்காரர்கள், அசெம்பிளியில் வேலை செய்த இரண்டு பெண்கள், நான். திருநெல்வேலி, சேலம், ஆற்காடு என்று ஆளுக்கொரு ஊர்த் தமிழ். இவர்களில் எனக்கு நெருக்கமாக ஆனவர் லேத் ஓட்டிய ஒரு பாய். நாற்பதைத் தொட்டவர். கிருஷ்ணகிரியில் அவர் குடும்பத்துக்குப் புளி வியாபாரம்; மண்டியில் உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது என்று சொல்லி இரும்பைக் கடைய வந்துவிட்டவர். எதற்கு இந்த வகுப்பு என்று நான் கேட்டபோது, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் மச்சான்கள் வந்து புளி விலை பேசுகிறார்கள் என்றார். நான் சேர்ந்ததற்குக் காரணமும் பெரிய இலட்சியம் எதுவும் இல்லை. எனக்கு வரையத் தெரியும், அதை நாலு பேர் பார்க்கட்டும் என்கிற ஆசைதான். இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடம் எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போனார். விடிகாலை பஸ்ஸில் கிருஷ்ணகிரி, அங்கிருந்து வேப்பனப்பள்ளி பஸ், நடுவில் ஒரு கிராமத்து நிறுத்தத்தில் இறங்கினோம். ஏரிக்கரை ஓரம், ரோட்டை ஒட்டி, ஒரு பதினாறு கால் மண்டபம் நின்றது. வரிசைக்கு நான்கு தூண், நான்கு வரிசை. கல்வெட்டு கிடையாது, எந்த ராஜா கட்டியது என்றும் யாருக்கும் தெரியாது. வருஷத்தில் ஒரு நாள், ஆடியில், ஊர் அம்மன் ஊர்வலமாக வந்து அதில் உட்காருவாள். மற்ற நாட்களில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் ஆடுகளும் உட்காருவார்கள்.

மேடம் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆளுக்கொரு தூண் கொடுத்தார். மிஞ்சிய மூன்று பேருக்குக் கூரை. இரண்டே விதிகள்தான். கண்ணில் படுவதை மட்டும் போட வேண்டும். தூணுக்குப் பின்னால் என்ன தெரிகிறதோ அதையும் சேர்த்துப் போட வேண்டும். பாய் நாக்கைத் துருத்திக்கொண்டு வரைந்தார். அவருடைய தூணில் ஒரு குரங்கு செதுக்கியிருந்தது. அவர் கையில் அது ஆடாக வந்தது. பின்னால் தெரிந்த கிலோமீட்டர் கல்லை மட்டும் எழுத்தோடு நன்றாகப் போட்டிருந்தார். ஒரு ஃபிட்டர் கால் மணி நேரத்தில் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பீடி பிடிக்கப் போய்விட்டார். நான் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து போட்டேன். ஸ்கேல், செட்ஸ்கொயர், டூ ஹெச் பென்சில், நடுக்கோடு, அளவுக்கோடு, கீழே பெட்டி கட்டித் தலைப்பு. தேடினாலும் பிழை கண்டுபிடிக்க முடியாத படம். பின்னால் தெரிந்த எதையும் போடவில்லை. கம்பெனி டிராயிங்கில் யாராவது மரம் போடுவார்களா?

மேடம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பாயின் ஆட்டைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். என் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பாராட்டுவதற்கு வார்த்தை தேடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"இது எந்தத் தூண்?" என்று கேட்டார்.

என் தூணைக் கையால் காட்டினேன். "அது தெரியுது. படத்துல எந்தத் தூண்?" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது வழியெல்லாம் பாயிடம் பொருமிக்கொண்டு வந்தேன். தூண் என்றால் தூண்தான். பதினாறும் ஒரே மாதிரி இருக்கும்போது எந்தத் தூண் என்று கேட்டால் என்ன அர்த்தம்? சரித்திரம் படித்தவர்களுக்கு டிராயிங் புரியாது என்று முடிவு கட்டினேன். அன்று வரைந்த படங்களையெல்லாம் மேடம் ஒரு துணிப்பையில் போட்டு ஹால் அலமாரியில் வைத்தார். சாவி என்னிடம்தான் இருக்கும். நான்தான் வகுப்புக்கு லீடர்.

பங்குனியில் சேதி வந்தது. அந்த ரோட்டை அகலப்படுத்துகிறார்கள், மண்டபம் குறுக்கே நிற்கிறது. ரோடு போடுகிறவர்கள் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். வேண்டுமென்றால் இரண்டு மாதத்துக்குள் நீங்களே பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நாங்கள் இடித்துக்கொள்கிறோம் என்றார்கள். ஊருக்குள் கூட்டம் போட்டார்கள். எடுத்து எங்கே வைப்பது, திரும்ப யார் கட்டுவது என்று பேச்சு நின்றுவிட்டது. மேடம்தான் எங்கள் வகுப்பு அளந்து, படம் போட்டு, நம்பர் எழுதிக் கொடுக்கும், கல் மேஸ்திரி பிரித்துத் திரும்ப நிறுத்தலாம் என்று சொன்னார். இருந்தது இருந்தபடியே வருமா என்று ஒருவர் கேட்டார். நான் எழுந்து நின்று, ஒரு நூல்கூடத் தவறாது, அதற்கு நான் பொறுப்பு என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

கேட்டவர் ஒரு மாந்தோப்புக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், சந்தையில் கன்னடம். அவருடைய தோப்பு ரோட்டுக்கு நூறடி உள்ளே இருந்தது. மண்டபத்துக்கு இடம் நான் தருகிறேன் என்று அந்தக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது தோப்பின் முகப்பில் நான்கு மரங்கள் வெட்டிச் சாய்ந்து கிடந்தன. பன்னிரண்டு வருஷத்து ஒட்டு மரங்கள். பிஞ்சு காயாகிற சமயம். காயோடு வெட்டியிருந்தார். அவர் மனைவி எங்களிடம் பேசாமல் உள்ளே போய்விட்டார். அவர் மட்டும், "அம்மா பொறுப்புன்னு சொன்னாங்க இல்ல, அப்புறம் என்னங்க" என்று சிரித்தார். பெருமையில் எனக்கு முகம் சூடாகிவிட்டது.

சித்திரையில் மேடம் விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு சேலம் போனார். அங்கிருந்து அப்படியே விடுமுறைக்கு மதுரை. போவதற்கு முன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: ஒவ்வொரு கல்லுக்கும் நம்பர் போட்டுவிடுங்கள், ஒன்றைக்கூட விடாதீர்கள். நான் விடவில்லை. வெள்ளை எனாமல் பெயிண்ட், ஸ்டென்சில் தகடு எல்லாம் வாங்கிக்கொண்டு போய் ஒரே ஞாயிறில் முடித்தேன். எங்கள் கம்பெனி முறையில் பார்ட் லிஸ்ட் தயாரித்தேன். படிக்கல் ஒன்று. தளக்கல் இரண்டு. ஓரக்கல் மூன்று. தூண் நான்கு, எண்ணிக்கை பதினாறு. உத்தரம் ஐந்து, மூடுகல் ஆறு. தூணில் ஒன்றை அளந்து படம் போட்டேன். மீதிக்கும் அதே படம். ஒரே மாதிரிப் பொருளுக்கு ஒரே நம்பர். ஆயிரம் கியர் செய்தாலும் ஒரு டிராயிங், ஒரு நம்பர். எதை எடுத்து எதில் மாட்டினாலும் உட்கார வேண்டும். அது எங்களுக்குப் பாலபாடம்.

பதினெட்டுப் பேர் கூட இருந்தார்கள். லேத்காரர், ஃபிட்டர், இன்ஸ்பெக்ஷன், ஒருவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. பாய் லிஸ்டைப் பார்த்துவிட்டு, எங்க ஃபோர்மேன்கூட இவ்வளவு சுத்தமாப் போட மாட்டாரு என்றார். மாந்தோப்புக்காரர் மட்டும் மண்டபத்தை ஒரு சுற்று வந்தார். பதினாறு தூணிலும் பளிச்சென்று நாலு, நாலு, நாலு.

"எல்லாத்துக்கும் ஒரே நம்பரா போட்டிருக்கீங்களேம்மா?" என்றார்.

"ஒண்ணு மாதிரி இருந்தா ஒரே நம்பர்தான், அண்ணா. அதுதான் முறை" என்றேன். படித்தவள் சொல்கிறாள் என்று தலையை ஆட்டிக்கொண்டு போனார். அந்தப் பதிலைச் சொன்ன என் குரல் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. அதில் ஒரு துளி சந்தேகம் இல்லை.

வைகாசியில் மேஸ்திரியும் ஆறு ஆட்களும் வந்து பிரித்தார்கள். பாய் தன் கம்பெனியில் சொல்லி, கல் தூக்க செயின் பிளாக் வாங்கி வந்தார். மூடுகல் இறங்கியது, உத்தரம் இறங்கியது, தூண்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி டிராக்டரில் ஏற்றித் தோப்பில் வரிசையாகக் கிடத்தினார்கள். இரண்டு வாரத்தில் மண்டபம் நின்ற பாறையின் மேல் சரளை கொட்டி ரோலர் ஓட்டிவிட்டார்கள். தோப்பில் புதுத் தளம் போட்டு, பதினாறு குழியும் ஒரே ஆழத்தில் தயாராக இருந்தது. என் டிராயிங்படி.

ஆனி பிறந்து முதல் ஞாயிறு தூண் நிறுத்தத் தொடங்கினார்கள். எந்தத் தூண் எங்கே என்று மேஸ்திரி கேட்டார். எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் நிறுத்துங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான்கு தூண் நிறுத்தி, முதல் உத்தரத்தைத் தூக்கி வைத்தார்கள். ஒரு பக்கம் உட்கார்ந்தது. மறுபக்கத்துத் தூணுக்கும் கல்லுக்கும் நடுவில் என் கையே போகிற அளவு சந்து. தூணின் தலையில் இருந்த முளை உத்தரத்தின் குழியைப் பார்க்கவே இல்லை. வேறு தூணை மாற்றினார்கள். இந்த முறை உத்தரம் மறுபக்கம் சாய்ந்தது.

நான் கிடந்த தூண்களின் பக்கம் போனேன். நின்றபோது தெரியாதது கிடக்கும்போது தெரிந்தது. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. சில இடத்தில் விரற்கடை, சில இடத்தில் ஒரு சாண். பழைய மண்டபம் நின்ற பாறை மேடும் பள்ளமுமானது. அந்தக் காலத்துக் கல் ஆட்கள் பாறையை வெட்டிச் சமமாக்காமல், அந்தந்த இடத்துக்குத் தகுந்த நீளத்தில் தூணை வெட்டியிருக்கிறார்கள். தளத்துக்குக் கீழே மறைந்திருந்ததால் எனக்குத் தெரியவில்லை. மேலே மட்டம், கீழே அவரவர் கால். பதினாறும் பதினாறு தனித் தூண்கள். எல்லாவற்றின் மேலும் நான் ஸ்டென்சில் வைத்துப் போட்ட அழகான நாலு.

வெயிலில் உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரி நல்ல மனுஷர். நெட்டைத் தூணை எல்லாம் கொத்திக் குட்டையாக்கிவிடலாம், முளையைச் செதுக்கி எல்லாக் குழிக்கும் பொருந்துகிற மாதிரி ஆக்கிவிடலாம், மூன்று நாள் வேலை, பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்றார். பாயும் மெதுவாக என் பக்கம் குனிந்து, கம்பெனியிலயும் ரீவொர்க் பண்றது தானேக்கா என்றார். என்னைவிடப் பதினாலு வயது மூத்தவர். வகுப்பு லீடர் என்பதால் எனக்கு அக்கா பட்டம். சம்மதித்துவிட ஆசையாகத்தான் இருந்தது. யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும். ஆனால் தோப்பு முகப்பில் அந்த நான்கு அடிமரங்களும் இன்னும் இருந்தன. அவற்றைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும்.

மாந்தோப்புக்காரரைத் தேடிப் போனேன். மோட்டார் கொட்டகையில் இருந்தார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். "தப்பு என்னுது, அண்ணா. எந்தத் தூண் எங்க நின்னுதுன்னு இப்ப எனக்குத் தெரியாது."

அவர் மோட்டாரை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, வெட்டிய மரங்களைப் பார்த்தபடி நின்றார். "நாலும் ஒரே தாய் மரத்து ஒட்டுங்க. ஒரே நாள்ல வெச்சது" என்றார். "இதோ இது முன்ன காய்க்கும். அது ஒரு வருசம் விட்டு ஒரு வருசம். அந்த ஓரத்துது காய் பெருசு, ஆனா புளிப்பு. கண்ண கட்டி உட்டாலும் எது எதுன்னு சொல்லிருவேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். பிறகு, ஆடிக்கு நாலு வாரம் இருக்கிறது, அம்மன் உட்கார இடம் இல்லை என்று ஆகிவிட்டால் ஊரில் தன்னால் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்றார். கொத்திச் சரிசெய்ய மட்டும் சம்மதிக்கவில்லை. இருந்தது இருந்தபடி என்றுதானே சொன்னீர்கள் என்றார்.

ஊரில் கேட்டால் தெரியும் என்று பாய் சொன்னார். கேட்டோம். பிறந்தது முதல் அந்த மண்டபத்தைப் பார்த்தவர்கள். குரங்குத் தூண் ஏரிப் பக்கம் என்று ஒருவர், இல்லை ரோட்டுப் பக்கம் என்று அவர் தம்பி. நான்கு பேரைக் கேட்டதில் ஐந்து பதில் கிடைத்தது. அண்ணன் தம்பி இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டதுதான் மிச்சம். ஒரே ஒரு போட்டோ இருந்தது, பாயின் உறவுக்காரர் எடுத்தது. அதில் நாங்கள் பத்தொன்பது பேரும் தூண்களை மறைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தோம்.

அன்று திரும்பும்போது கிருஷ்ணகிரி தாண்டி, சூளகிரியில் பஸ் நின்றபோது பாய் முறுக்கு வாங்கி நீட்டினார். அதை வாங்கும்போது அவர் விரலில் கிரீஸ் கறையைப் பார்த்தேன். அதே கறை பட்ட ஒரு பேப்பர் நினைவுக்கு வந்தது. ஆடு மாதிரி ஒரு குரங்கு. பின்னால் கிலோமீட்டர் கல்.

ஹால் அலமாரியைத் திறந்தபோது மெழுகுவத்தி வாசனையோடு அந்தத் துணிப்பை இருந்தது. போன மாதம்தான் அதைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடலாம் என்று சொல்லியிருந்தேன். தன் குரங்கு அதில் இருக்கிறது என்று பாய்தான் தடுத்தார். படங்களைத் தரையில் பரப்பினோம். எவ்வளவு அசிங்கமான படங்கள். கோணல், நெளிவு, எண்ணெய்க் கறை. ஆனால் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் தூணுக்குப் பின்னால் ஏதோ ஒன்று இருந்தது. ஏரிக்கரைப் பனை, மோட்டார் கொட்டகை, பஸ் நிறுத்தத்து மரம், கிலோமீட்டர் கல். முன்னால் செதுக்கியிருந்ததும் உடைந்திருந்ததும் இருந்தன. மீன், ஆமை, மூக்கு உடைந்த யாளி, யாரோ கத்தியால் கீறிய கோடு. அசெம்பிளியில் வேலை செய்த பெண் ஒருத்தி தூணில் ஒட்டியிருந்த மாட்டுச் சாணத்தைக்கூட விடவில்லை. நான் பார்த்துச் சிரித்த படங்கள் இவை. உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எடுத்து மறுபடி பார்த்தேன். இவர்களுக்கெல்லாம் கண் இருந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு பத்தொன்பது பேரும் போனோம். ஆளுக்கொரு பேப்பரோடு கிடக்கிற தூண்களுக்கு நடுவில் நடந்து அவரவர் தூணைத் தேடிப் பிடித்தார்கள். என் ஆமை, என் மீன் என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். உத்தரங்களின் கதை வேறு விதம். அங்கே எங்கள் தொழில் கை கொடுத்தது. பாய் காலிப்பரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முளையையும் ஒவ்வொரு குழியையும் அளந்து, எது எதோடு சேரும் என்று ஜோடி கட்டினார். பழைய நம்பரின் பக்கத்தில் புது நம்பரை நானே எழுதினேன். இந்தத் தடவை ஒவ்வொரு தூணுக்கும் ஒரு தனி நம்பர்.

பதினான்கு தூண் சரியாகிவிட்டது. இரண்டு தூண் மிஞ்சியது, இரண்டு இடம் மிஞ்சியது. கிழக்கு வரிசையில் இரண்டாவது, மூன்றாவது. அவற்றுக்கு உரிய படங்களில் ஒன்று பீடி பிடிக்கப் போன ஃபிட்டருடையது. அவர் தூணின் தலையை மட்டும் போட்டிருந்தார், அது இரண்டுக்கும் பொருந்தியது. மற்றது என்னுடையது. இரண்டு மணி நேரம் எதிரில் உட்கார்ந்தும் நான் ஸ்கேலைத்தான் பார்த்திருக்கிறேன்; எந்த இடம் என்று எங்கள் இருவருக்குமே நினைவில்லை. என்னுடையதும் இரண்டுக்கும் பொருந்தியது. சொல்லப் போனால் உலகத்தில் இருக்கிற எந்தத் தூணுக்கும் பொருந்தியிருக்கும். நீள வித்தியாசம் நான்கு விரல். மாற்றி நிறுத்தினால் உத்தரத்தின் குழி சேராது என்று சொல்லலாமென்றால், அந்த இரண்டு முளையும் ஒரே அளவு.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதுதான் கஷ்டமாக இருந்தது. மாந்தோப்புக்காரர் என் கையிலிருந்த பேப்பரை வாங்கிப் பார்த்து, சுத்தமா இருக்குதுங்க என்று திருப்பிக் கொடுத்தார். அதை வாங்கும்போது வெயில் பேப்பரின் மேல் சாய்வாக விழுந்தது. என் நேர்க்கோட்டுக்குப் பக்கத்தில், இடது ஓரத்தில், முழங்கால் உயரத்தில், கோடு இல்லாத ஒரு பள்ளம் தெரிந்தது.

டூ ஹெச் பென்சில் கெட்டியானது. ரப்பர் போட்டால் கரி போகும், தடம் போகாது. இது எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். நான் பையிலிருந்து மென்மையான பென்சிலை எடுத்துப் படுக்கையாகப் பிடித்து அந்த இடத்தில் தேய்த்தேன். கறுப்புக்கு நடுவில் வெள்ளையாகக் கோடு எழுந்து வந்தது. தூணின் விளிம்பு அந்த இடத்தில் உள்ளே வளைந்து, தேய்ந்து, திரும்ப வெளியே வந்தது. நான் முதலில் அதைப் போட்டிருக்கிறேன். பார்த்ததைப் பார்த்தபடியே போட்டிருக்கிறேன். பிறகு, கோடு நேராக இல்லையே என்று அழித்துவிட்டு ஸ்கேல் வைத்து இழுத்திருக்கிறேன். மேலும் தேய்த்தேன். தூணுக்குப் பின்னால், நான் போடவே இல்லை என்று நினைத்திருந்த இடத்தில், பஸ் நிறுத்தத்து மரத்தின் பாதி கிளை வந்தது.

மாந்தோப்புக்காரர் குனிந்து பார்த்தார். "மாடு கட்டுற தடமுங்க இது. கவுறு தேய்ச்சது" என்றார். நேராகப் போய் இரண்டு தூணில் ஒன்றின் இடது விளிம்பைத் தடவினார். அவர் விரல் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தது. மரம் தெரிந்த கோணத்தை வைத்து இடமும் தெரிந்துவிட்டது. மூன்றாவது. எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. பாய் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, இனிமே ரப்பரைப் பையில வெச்சுக்காதீங்கக்கா என்றார்.

மேஸ்திரி ஆட்கள் ஒவ்வொரு குழியையும் அந்தந்தத் தூணின் காலுக்குத் தகுந்த ஆழத்தில் தோண்டினார்கள். ஆடி பிறப்பதற்கு நான்கு நாள் முன்னால் கடைசி மூடுகல் ஏறியது. உத்தரத்தின் மேல் பாய் ரசமட்டம் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. அதைப் பார்க்க ஊரே வந்து குனிந்தது.

மேடம் விடுமுறை முடிந்து திருவிழாவுக்கு நேராக அங்கேயே வந்தார். நடந்ததை நான் ஒன்று விடாமல் சொன்னேன். பேப்பரையும் காட்டினேன். பாதி தேய்த்து, அழுக்காகி, மடிப்பு விழுந்து, என் வாழ்க்கையில் நான் யாரிடமும் காட்டியதிலேயே அவலட்சணமான டிராயிங் அது. அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அன்றைக்குப் போலவே இழுத்துக் கேட்டார்.

"இது எந்தத் தூண்?"

"கிழக்கு வரிசையில மூணாவது. மாடு கட்டின தூண், மேடம்."

அவர் சரி என்று மட்டும் சொல்லி, பேப்பரை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு டிப்ளமோவில் முதல் வகுப்பு வந்தபோதுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை.

சாயங்காலம் அம்மன் வந்து உட்கார்ந்தாள். ஏரியிலிருந்து காற்று வீசியது, விளக்கு அணையவில்லை. மாந்தோப்புக்காரரின் மனைவி எனக்குப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தார், பேசவும் பேசினார். பிறகு மாந்தோப்புக்காரர் என்னைத் தோப்புக்குள் கூப்பிட்டார். மண்டபத்துக்குப் பின்னால் நான்கு புது ஒட்டுக் கன்று நட்டிருந்தார். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்னக் கல். பக்கத்தில் மீந்த வெள்ளைப் பெயிண்ட் டப்பாவும் பிரஷும் தயாராக இருந்தன.

"நம்பர் நீங்களே போட்டு குடுங்கம்மா" என்றார். "நாலும் ஒரே மாதிரிதான் இருக்குது. ஆனா தனித்தனியா போடுங்க."

உட்கார்ந்து எழுதினேன். ஸ்டென்சில் இல்லை, வெறும் கைதான். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக வந்தேன். கடைசிக் கல்லில் நாலு எழுத வேண்டியிருந்தபோது கை நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் அதற்காகத்தான் காத்திருந்த மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார்.